சூசையப்பர் பந்திக்குப் பதிமூன்று பேர்

பிரிட்சியோவின் வேனில் எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். ஆனால் ஏழு பேருக்கு மேல் அவன் ஏற்றமாட்டான். "ஏழு பேர்னா விருந்தாளி, எட்டுப் பேர்னா கூட்டம். கூட்டத்துக்குச் சாப்பாடு போட நான் என்ன ராணுவத்துல சமையல்காரனா?" என்பான். கூடுதலாக ஓர் ஆளை ஏற்றினால் என்ன குறைந்துவிடும் என்று ஊரில் எல்லோரும் கேட்டுப் பார்த்துவிட்டோம். அவன் அசையவில்லை.

பூட்ஸ் வடிவில் இருக்கும் இத்தாலியின் குதிகாலில், இரண்டு கடல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் பக்கத்துக்கு ஒயின் குடிக்கவும் நல்ல சாப்பாடு சாப்பிடவும் தூர தேசங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களை ஒரு வாரம் கூட்டிக்கொண்டு சுற்றுவதுதான் அவன் பிழைப்பு. கோட்டை, அரண்மனை என்று எதையும் காட்டமாட்டான். திராட்சை பயிரிடுகிறவன் வீட்டு நிலவறைக்குக் கூட்டிப்போவான், எண்ணெய் ஆட்டுகிற இடத்துக்குக் கூட்டிப்போவான், மீன் ஏலம் விடுகிற துறைமுகத்தில் நிற்கவைப்பான். வந்தவர்கள் கோப்பையைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டு முகர்ந்துகொண்டே இருந்தால் பொறுக்கமாட்டான். "மூக்கு குடிச்சது போதும், இப்ப வாய்க்குக் கொடுங்க" என்று அதட்டுவான். அதற்காகவே திரும்பத் திரும்ப வருகிறவர்கள் உண்டு.

இந்தத் தொழில் அவனுக்குத் தானாக அமையவில்லை. பத்தொன்பது வயதில் சூரிச்சுக்குக் கட்டட வேலைக்குப் போனான். அங்கே சம்பாதித்ததில் மிச்சமானவை ஜெர்மன் மொழியும் முதுகுவலியும். ஊர் திரும்பி, கொன்சீலியாவைக் கட்டிக்கொண்டு, அப்பாவின் ஆலிவ் தோப்பைப் பார்த்துக்கொண்டான். பிறகு மரங்களுக்கு அந்தப் பாழாய்ப்போன நோய் வந்தது. நூற்றாண்டுகள் கண்ட மரங்கள் நின்ற இடத்திலேயே காய்ந்து விறகாயின. ஊரே எழவு வீடு மாதிரி கிடந்தது. ஆண்கள் எல்லாம் மதுக்கடையில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம். கொன்சீலியாதான் அவனை எழுப்பினாள்.

"வீட்ல அடுப்பு இருக்கு. கொல்லையில திராட்சைக் கொடி இருக்கு. உனக்கு வாய் வேற இருக்கு. இன்னும் என்ன வேணும் பொழைக்கறதுக்கு?" என்றாள்.

அப்படித்தான் பழைய வேன் வந்தது. வாரக் கடைசியில் ஒவ்வொரு குழுவும் அவர்கள் வீட்டு மேஜையில்தான் கடைசி விருந்து சாப்பிடும். கொன்சீலியா சமைப்பாள், பரிமாறுவாள். அவன் மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து கதை விடுவான். அவள் உட்கார்ந்து சாப்பிட்டதை எந்த விருந்தாளியும் பார்த்ததில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை, பிரிட்சியோ உட்பட.

போன வருஷத்துக்கு முந்தின பனிக்காலத்தில் அவளுக்குத் தொண்டைக்குக் கீழே அடைத்தது. முதலில் ரொட்டி இறங்கவில்லை, பிறகு தண்ணீரே இறங்கவில்லை. கட்டியை அறுத்து எடுத்தார்கள். வயிற்றில் குழாய் வைத்துக் கஞ்சி விட்டார்கள். இனிமேல் வாயால் சாப்பிடுவாளா என்று கேட்டதற்கு மருத்துவர் கையை விரித்தார். பிரிட்சியோ ஆஸ்பத்திரி நடைகூடத்தில் நின்று, பக்கத்தில் ஆள் இருக்கிறது என்றும் பாராமல், உரக்க வேண்டிக்கொண்டான்.

"சூசையப்பரே! இவ வாயால முழுங்கணும். முழுங்கினா உமக்குப் பந்தி போடறேன். பதிமூணு பேர் பந்தி!"

பக்கத்தில் இருந்த ஆள் பொம்பீலியோ, மீன் விற்கிறவன். ஊரிலேயே பெரிய தாடியும் பெரிய வாயும் அவனுக்குத்தான். அவன் பதறிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தான். "டேய், மூணு பேர்னு ஆரம்பிடா! உன் வீட்டுக் கூடத்துல பதிமூணு நாற்காலி எங்கடா போடுவே?"

"சொல்லிட்டேன். சொன்னது சொன்னதுதான்."

எங்கள் ஊரில் வேண்டுதல் பந்தி மார்ச் பத்தொன்பதாம் தேதி, சூசையப்பர் திருநாளன்று நடக்கும். மூன்று பேரிலிருந்து பதிமூன்று பேர் வரை உட்காரலாம், ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். ஒருவர் சூசையப்பர், ஒருவர் அவர் மனைவி மாதா, ஒருவர் பாலகன் இயேசு, மற்றவர்கள் அன்னம்மாள், சுவக்கின் என்று மற்றப் புனிதர்கள். சாப்பிடும் நேரத்துக்கு அவர்கள் புனிதர்கள்தான். வேண்டிக்கொண்டவன் உட்காரக்கூடாது, நின்று பரிமாற வேண்டும். வாய்விட்டுச் சொன்ன எண்ணிக்கையைக் குறைக்கவும் கூடாது.

வசந்தத்தில் கொன்சீலியா ஒரு கரண்டி சூப்பை விழுங்கினாள். கோடையில் குழாயை எடுத்தார்கள். பிரிட்சியோ நடுத்தெருவில் நின்று அழுதான். நாங்கள் எல்லோரும் பார்த்தோம், யாரும் கேலி செய்யவில்லை. ஆனால் ஆகஸ்டு மாதம் ஒருநாள் ஒரு வாய் ரொட்டி சிக்கிக்கொண்டு மூச்சுத் திணறிப்போனாள். அன்றிலிருந்து அவள் சாப்பாட்டுக்குப் பயந்தாள். தொண்டை சுத்தமாகத் திறந்திருக்கிறது, அடைத்திருப்பது பயம்தான் என்று மருத்துவர் சொன்னார். அடுப்படியில் நின்றபடி நான்கு வாய் கொறிப்பாள். அவன் கேட்டால், "சமைக்கும்போதே சாப்பிட்டுட்டேன் போ" என்பாள். நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தாள். பிரிட்சியோவுக்கு ஒரே எண்ணம்தான். வேண்டுதல் பாக்கி இருக்கிறது, அதனால்தான் சூசையப்பர் பாதி வழியில் நிறுத்தி வைத்திருக்கிறார், பந்தியைக் குறையில்லாமல் முடித்துவிட்டால் இவள் முழுத் தட்டும் சாப்பிடுவாள் என்று நம்பினான்.

அப்படி நம்பியவன் செய்த காரியத்தைத்தான் கேளுங்கள்.

பந்திக்குப் புனிதர்களை அழைக்க ஒரு முறை இருக்கிறது. வேண்டிக்கொண்டவன் ஒவ்வொரு வீடாகப் போக வேண்டும். வாசலில் நிற்க வேண்டும், உட்காரக்கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. "எங்க வீட்டுப் பந்திக்குப் புனிதரா வரணும்" என்று கேட்டுவிட்டு வர வேண்டும். இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பிரிட்சியோவுக்கு அந்த வருஷம் பிப்ரவரியிலேயே ஒரு குழு வந்துவிட்டது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. ஐயா வேனை ஓரமாக நிறுத்தி, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் அழைப்பைப் பேசி அனுப்பிவிட்டார். கும்பிடு படமும் பூ படமுமாகப் பதில் வந்து குவிந்தது. எல்லோரும் வருகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

பந்திக்கு முதல் நாள் மத்தியானமே மேஜை தயாராகிவிட்டது. கூடத்தில் இருந்த கட்டில், அலமாரி எல்லாம் முற்றத்துக்குப் போயிருந்தன. வெள்ளை விரிப்பின்மேல் ஆளுக்கு ஒரு வளைய ரொட்டி, ஒவ்வொன்றும் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குத் தம்பி மாதிரி. அதன் நடுவில் ஓர் ஆரஞ்சு. பக்கத்தில் ஒரு பாட்டில் எண்ணெயும், கொல்லைக் கொடியின் கறுத்த ஒயின் ஒரு பாட்டிலும். மேஜையைப் பார்க்க ஊரார் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். பிரிட்சியோவின் சித்தப்பா மகள் நுன்சியாவும் வந்தாள்.

"அழகா இருக்கு கொன்சீலியா. கண்ணு பட்டுடும்."

"நாளைக்கு நேரத்தோட வந்துடு. நீதானே அன்னம்மா?" என்றாள் கொன்சீலியா.

நுன்சியா விழித்தாள். "நானா? நான் தபால்காரர் வீட்டுப் பந்திக்கு ஒத்துக்கிட்டேனே. எங்க வீட்டுக்காரர், பசங்க எல்லாருமே அங்கதான்."

"இவர் உங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன்னாரே!"

"ஏதோ போன்ல பேசி அனுப்பிச்சான். வேண்டுதலைப் பத்தித் தகவல் சொல்றான்னு நெனச்சுக் கும்பிடு போட்டேன். போன்ல யாராச்சும் புனிதரைக் கூப்பிடுவாங்களா? நாளைக்குக் கர்த்தருக்கும் மெசேஜ் போடுவானா?"

கொன்சீலியா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிரிட்சியோ தெருத்தெருவாக ஓடினான். வாசல் வாசலாக நின்று கேட்டான். எல்லா வீட்டிலும் ஒரே பதில். ஊரில் அந்த வருஷம் ஐந்து பந்தி, எல்லாம் பூசை முடிந்ததும் ஒரே நேரத்தில் நடக்கிறவை. ஒருவர் ஒரு பந்தியில்தான் உட்காரலாம். பொம்பீலியோவை மீன் வாங்கும்போது நேரில் பார்த்து அழைத்திருந்தான். அக்கம்பக்கத்தில் ஐந்து பேரைக் கொன்சீலியா வாசலுக்குப் போய் அழைத்திருந்தாள். ஆக ஆறு பேர்தான் தேறினார்கள். மிச்சம் ஏழு நாற்காலி காலியாக இருந்தது.

அவன் வேனுக்குள் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். பொம்பீலியோ கதவைத் திறந்து பக்கத்தில் ஏறினான்.

"எத்தனை பேர் குறையுது?"

"ஏழு."

"இந்த வண்டியில நீ எத்தனை பேரை ஏத்திட்டுச் சுத்தறே?"

பிரிட்சியோ தலையை நிமிர்த்தினான். "விளையாடாதடா. அவங்க ஒயின் குடிக்க வந்தவங்க. நம்ம வேண்டுதலைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்? நாளைக்கு அவங்களுக்கு ஓய்வு நாள் வேற."

"சூசையப்பரும் மாதாவும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு எகிப்துக்கு ஓடினப்ப அங்க உள்ளூர்க்காரங்களா? பாஷை தெரியாத ஊர்லதானே போய் நின்னாங்க? பந்தியே அதுக்குத்தாண்டா. நாமதான் சோம்பேறித்தனமாச் சித்தப்பா மகளையும் பெரியப்பா மகனையும் உக்காரவெச்சுப் பழகிட்டோம்." பொம்பீலியோ தாடியைச் சொறிந்தான். "ஆனா ஒண்ணு. இந்தத் தடவை போன் பண்ணாதே."

அந்த வாரம் அவனோடு சுற்ற வந்திருந்த ஏழு பேரும் விடுதியில் சாயங்கால ஓய்வில் இருந்தார்கள். பிரிட்சியோ சட்டையை மாற்றிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு போனான். ஒவ்வோர் அறைக் கதவாகத் தட்டினான். டென்மார்க்கிலிருந்து வந்த ஹென்னிங், கோப்பைக்குள் மூக்கை விட்டுக் கால் மணி நேரம் தவம் இருக்கிறவர், உடனே சரி என்றார். கனடாச் சகோதரிகள் இருவரும், ஐரிஷ் தம்பதியும், பெல்ஜியத்துப் பல் மருத்துவர் லீவாவும் ஒப்புக்கொண்டார்கள். கடைசிக் கதவு ஆஸ்திரியாவின் ட்ரூடுடையது. எழுபதைத் தாண்டியவள், ஈரத் தலையில் துண்டோடு வந்து திறந்தாள். அவளிடம் ஜெர்மனில் சொல்ல முடிந்ததால் எல்லாவற்றையும் சொன்னான். குழாயைச் சொன்னான், ரொட்டி சிக்கியதைச் சொன்னான், வாட்ஸப் கூத்தையும் மறைக்காமல் சொன்னான்.

"உள்ளே வந்து உட்காருங்களேன்" என்றாள் ட்ரூட்.

"உக்காரக்கூடாதுங்க. வாசல்ல நின்னுதான் கேக்கணும்."

"நான் எத்தனையோ ஊர்ல காசு கொடுத்துச் சாப்பிட்டிருக்கேன். ஒருத்தர்கூட என் கதவைத் தட்டி வாங்கன்னு கூப்பிட்டதில்ல. வரேன்" என்றாள்.

அன்று பிரிட்சியோ வீட்டுக்குப் போகும்போது வழியில் இருந்த சூசையப்பர் சிலைக்கு நன்றி சொன்னான். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான்.

காலையில் வேன் வந்து நின்றபோது ஆறு பேர்தான் இறங்கினார்கள். லீவா வரவில்லை. முந்தின நாள் காலையில் துறைமுகத்தில் பொம்பீலியோ பச்சைச் சிப்பியை எலுமிச்சை பிழிந்து நீட்டியிருந்தான். மற்றவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். பல் மருத்துவர் ஒரு தட்டைக் காலிசெய்தாள். இப்போது கழிவறையைவிட்டு நகர முடியவில்லை.

"என் மாதாவைக் கொன்னுட்டியேடா பாவி!" என்று பிரிட்சியோ கத்தினான். லீவாவுக்கு அவன் ஒதுக்கியிருந்தது மாதாவின் நாற்காலி.

"நானா அத்தனையும் முழுங்கச் சொன்னேன்? பல் டாக்டராச்சே, மெதுவா மெல்லுவாங்கன்னு நெனச்சேன்" என்றான் பொம்பீலியோ. ஆனாலும் அவன் முகமும் தொங்கிப்போயிருந்தது.

பூசை முடிந்த மணி அடித்தது. பன்னிரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்துவிட்டார்கள். வாசலிலும் ஜன்னலிலும் ஊர் முகங்கள். இரட்டைப்படையில் பந்தி தொடங்கக்கூடாது. ஓர் ஆளை எழுப்பிப் பதினொன்றாக்கினால் வாக்குத் தவறியதாகும். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் ஒருவரை இழுத்து உட்காரவைக்கவும் வழியில்லை, வாசலுக்குப் போய் அழைக்காத வெளியாள் புனிதராக முடியாது. பிரிட்சியோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தது இப்படி ஒரு தட்டுச் சிப்பியில் கவிழும் என்று அவன் நினைக்கவே இல்லை. அடுப்படி வாசலில் கொன்சீலியா மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

சூசையப்பராக உட்கார்ந்திருந்த பொம்பீலியோ தன் கையில் இருந்த கோலால் தரையைத் தட்டினான். பந்தி நடக்கும்போது சூசையப்பராக இருப்பவர் சொல்வதுதான் சட்டம், வீட்டுக்காரன்கூட மறுத்துப் பேச முடியாது.

"இந்த வீட்டுக்கு இப்ப நான்தான் எஜமான். எனக்குப் பக்கத்துல என் வீட்டுக்காரி இடம் காலியா இருக்கு. கொன்சீலியா, கையைக் கழுவிட்டு வந்து உக்காரு."

"நானா? யார் பரிமாறறது? மாசா அடுப்புல இருக்கு" என்றாள் அவள். கொண்டைக்கடலை போட்டுச் செய்கிற நாடாப் பாஸ்தாவை நாங்கள் மாசா என்போம். அது இல்லாமல் பந்தி இல்லை.

"வேண்டிக்கிட்டவன் அங்க மரம் மாதிரி நிக்கிறானே, அவன் பரிமாறட்டும். அவனுக்கும் கை இருக்குல்ல?"

"எனக்காகத்தானே இந்த வேண்டுதல்? நானே உக்காந்தா சரியா வருமா?"

"வேண்டிக்கிட்டது அவன். நீயா வேண்டிக்கிட்டே? சட்டத்துல ஓட்டை இருந்தா நாளைக்குச் சாமியார்கிட்டப் பேசிக்கலாம். இப்ப சூசையப்பருக்குப் பசிக்குது."

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். கொன்சீலியா கையைக் கழுவினாள். சமையலுக்குக் கட்டியிருந்த முன்கச்சையை அவிழ்த்துப் புருஷன் கையில் கொடுத்தாள். கல்யாணமான இந்த முப்பது வருஷத்தில் அந்தக் கூடத்து மேஜையில் விருந்தாளிகளோடு அவள் உட்கார்ந்தது அன்றுதான். ட்ரூட் எழுந்து அவளுக்கு நாற்காலியை இழுத்துவிட்டாள்.

பிரிட்சியோ முன்கச்சையைக் கட்டிக்கொண்டான். கதை விட்டே காலத்தை ஓட்டியவன், தட்டு ஏந்திப் பழக்கமே இல்லாதவன். முதல் நடையிலேயே காலிஃப்ளவரைக் கனடாச் சகோதரியின் மடியில் பாதி வைத்தான். பந்தியில் சூசையப்பர் முள்கரண்டியால் தட்டின் விளிம்பைத் தட்டினால் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட வேண்டும், அடுத்த பதார்த்தம் வரும். பொம்பீலியோ ஈவிரக்கமில்லாமல் தட்டினான். ஹென்னிங் ஒயினை ஒளியில் காட்டி, சுழற்றி, மூக்கை விட்டு, கண்ணை மூடிய நேரத்தில் 'டங்' என்றது. கோப்பை போய்விட்டது. இரண்டாவது தடவை அவர் முகரவில்லை. நேராக வாயில் கவிழ்த்துக்கொண்டார். ஊரே கைதட்டியது.

அதுவரை வந்த எதையும் கொன்சீலியா ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. தட்டு மாறிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. தட்டுகளை எடுத்துப் போன பிரிட்சியோவுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் தட்டு மட்டும் கனமாக இருந்தது. அன்றுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் மேஜையிலிருந்து தட்டு எடுத்தவள் அவள், அவளுடைய தட்டை எடுக்க ஒருநாளும் ஆள் இருந்ததில்லை.

பிறகு மாசா வந்தது. அவள் விடிகாலையில் கையால் தேய்த்த நாடாக்கள், பாதியை எண்ணெயில் பொரித்துப் போட்டது. அவளுக்குக் கடைசியாக வைத்தான்.

"மெதுவா சாப்பிடு. அவசரமில்ல" என்றான் மெல்ல.

"முள்கரண்டி பொம்பீலியோ கையில இருக்கே" என்றாள் அவள்.

முதல் வாயை எடுத்தாள். வெகுநேரம் மென்றாள். தொண்டையில் கை வைத்துக்கொண்டு விழுங்கினாள். இரண்டாவது வாய். மூன்றாவது. மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். பொம்பீலியோவின் தட்டு எப்போதோ காலி. முள்கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அவன் கொன்சீலியாவைப் பார்த்தான், தட்டவில்லை. தாடிக்கு மேலே கண் கலங்கியிருந்தது. ஹென்னிங்கும் ஐரிஷ்காரர்களும் என்ன என்று புரியாமல் ட்ரூடைப் பார்த்தார்கள். ட்ரூட் உதட்டில் விரலை வைத்தாள். எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். தபால்காரர் வீட்டுப் பந்தி சீக்கிரம் முடிந்து வந்து ஜன்னலில் நின்ற நுன்சியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரிட்சியோ அடுத்த பதார்த்தமான மீன் சட்டியைத் துணியில் பிடித்தபடி அடுப்படி வாசலில் நின்றான். சூடு துணியைத் தாண்டிக் கையைச் சுட்டது. கீழே வைக்கவில்லை. அவள் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் அவனும் எச்சில் விழுங்கினான். சூசையப்பரே, போதும், போதும், உமக்கு நான் எப்படி நன்றி சொல்வேன் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தான்.

கொன்சீலியா தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த கடைசிக் கொண்டைக்கடலையையும் எடுத்து வாயில் போட்டாள். ரொட்டியைப் பிய்த்துத் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டாள். ஆகஸ்டில் தொண்டையில் சிக்கிய அதே மாதிரி ரொட்டி. அது இறங்கியது.

'டங்' என்று தட்டினான் பொம்பீலியோ. "அடுத்தது! டேய், நிக்கிறியே, அழறதுக்கா உன்னைப் பரிமாற வெச்சோம்?"

பிரிட்சியோ நகர்ந்து வந்தான். கண் மறைத்ததால் யாருக்கு முதலில் வைப்பது என்று தெரியாமல் தடுமாறினான்.

"இங்க வை" என்றாள் கொன்சீலியா, தட்டை அவன் பக்கம் தள்ளி. "தலைப்பக்கம் வேணாம். நடுத்துண்டா பார்த்து வை."